பொலிவியாவுக்கு ஒரு பயணத் திட்டம்

தென் அமெரிக்காவின் நடுவே, கடற்கரை ஒரு முழமேனும் இல்லாத பொலிவியா என்றொரு நாடு இருக்கின்றது. அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நன்றாகத் திட்டமிட்டவன் என்ற உரிமை எனக்கில்லை. ஒரு நல்ல திட்டத்தை என் கையாலேயே கெடுத்து, அதன் பலனையும் கண்டவன் என்ற உரிமையோடு பேசுகின்றேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நானும் என் மனைவியும் என் அண்ணரும் அங்கே சென்றோம். அண்ணர் இளைப்பாறிய நில அளவையாளர்; அப்பொழுது அவருக்கு வயது 61. நாடோறும் விடியுமுன் எழுந்து மூன்று மைல் நடக்கும் வழக்கமுடையவர். நானோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகின்றவன். மலைநாட்டுக்குப் போகும்போது கவலைக்குரியவன் நானே என்று வீட்டில் எல்லாரும் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன்.

முதலில் நாட்டின் அமைப்பைச் சற்று மனக்கண்ணிற் காண்போம். பொலிவியாவின் பரப்பு ஏறத்தாழ 10,98,000 சதுர கிலோமீற்றர். நமது இலங்கையைப் போலப் பதினாறு மடங்குக்கு மேல். ஒரு காலத்தில் அதற்கும் பசிபிக் கடற்கரை இருந்தது. 1879இல் தொடங்கிய போரில் அக்கரையைச் சிலி நாடு கைப்பற்றியது; 1904ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு அது முற்றாகக் கைவிட்டுப் போயிற்று. நாட்டின் கிழக்குப் பாதி தாழ்ந்த வெப்பச் சமவெளி. மேற்கிலே அந்தீசு மலைத்தொடர் இரண்டாகப் பிரிந்து, நடுவே அல்திப்பிளானோ என்னும் மேட்டுச் சமவெளியைத் தாங்கி நிற்கின்றது. பார்க்கத்தக்க இடங்களிற் பெரும்பாலானவை அந்த மேட்டிலேதான் உள்ளன. நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். பொலிவியாவில் அரசாங்கம் நடைபெறும் லா பாஸ் நகரம் ஏறத்தாழ 3,640 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அந்நகருக்குரிய விமான நிலையம் அதற்கும் மேலே எல் ஆல்தோ என்ற இடத்தில், 4,000 மீற்றரையுந் தாண்டிய உயரத்தில் உள்ளது. நமது மலையுச்சியின் மேல் இன்னொரு மலையை ஏற்றி, அதன்மேல் விமானத்தை இறக்கினாற் போல!

இந்த உயரம் உடலுக்கு என்ன செய்கின்றது? மேலே போகப் போகக் காற்றில் ஒட்சிசனின் விகிதம் குறைகின்றது என்று பலர் கருதுவர். அது பிழை. நூற்றுக்கு இருபத்தொரு பங்கு என்பது எங்கும் ஒன்றே. குறைவது காற்றின் அமுக்கம். லா பாசில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 65 பங்கு அளவே. ஆகவே ஒரு மூச்சில் நெஞ்சுக்குட் செல்லும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். பழகுமுன் ஏறிவிட்டால், ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துள் தலைவலி, குமட்டல், களைப்பு, உறக்கமின்மை ஆகியன தோன்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் அது தணிந்துவிடும். சிலருக்குத் தணியாமல் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். இதிலே நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு: உடல் வலிமையுள்ளவருக்கு இந்நோய் வராது என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. வலிமையுள்ளவர் வேகமாக ஏறுவர். ஆதலால் அவரே முதலில் அகப்படுவதும் உண்டு.

நான் முதலில் வரைந்த திட்டம் பாடசாலை நேரசூசி போல் இருந்தது. முதல் நாள் லா பாஸ், இரண்டாம் நாள் தித்திக்காக்கா ஏரி, மூன்றாம் நாள் தியவனாக்கு இடிபாடுகள் என்று கட்டங் கட்டமாக நிரப்பியிருந்தேன். அதை எங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டினேன். அவர் என்னிடம் படித்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சேர், இந்தத் தாளை நீங்கள் எனக்குத் திருத்தக் கொடுத்தால் நான் சித்தியளிக்க மாட்டேன்" என்றார். பின்பு தாமே ஒரு தாளை எடுத்து நகரங்களின் பெயரை அல்லாமல் அவற்றின் உயரங்களை மாத்திரம் வரிசையாக எழுதினார். சாந்தா குரூஸ் 416, சூக்கிரே 2,800, பொத்தோசி 4,000க்கு மேல், ஊயுனி 3,660, லா பாஸ் 3,640. "இதில் எந்த இரவு எங்கே உறங்குகிறீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். பகலிலே எங்கே திரிந்தாலும் பரவாயில்லை" என்றார்.

மலையேறுவோருக்கு மருத்துவர்கள் கூறும் பொது விதியும் இதுவே. 3,000 மீற்றருக்கு மேற்சென்றபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது; மூன்று நான்கு நாளுக்கொருமுறை உயரத்தைக் கூட்டாது ஒரு நாள் தங்குதல் வேண்டும். நகரத்துக்கு நகரம் வண்டியிற் செல்லும் பயணி இந்த விதியை அப்படியே கைக்கொள்வது எளிதன்று. ஏனெனில் இடைப்பட்ட உயரத்திலே தங்க ஊரிருக்க வேண்டுமே! அதற்குப் பதிலாகத் தாழ்ந்த ஊரில் அதிக இரவு தங்கி ஈடு செய்யலாம். அசற்றசோலமைட்டு என்ற மருந்தும் உதவும். ஆனால் அது வைத்தியரைக் கேட்டே உண்ணத்தக்கது; சல்பா மருந்துகள் ஒவ்வாதவர் அதை முன்னதாகவே சொல்லிவிடல் வேண்டும்.

இவ்வாறு எங்கள் திட்டம் திருந்தியது. முதலில் சமவெளியிலுள்ள சாந்தா குரூஸ். கொழும்பிலிருந்து நேரே செல்லும் விமானம் கிடையாது. வளைகுடா நாடொன்றிலும் பின்பு பிரேசிலின் சாவோ பாவுலோவிலும் மாறிச் சென்றோம். அங்குள்ள நேரம் நம்முடையதற்கு ஒன்பதரை மணி பிந்தியது. ஆகையால் இரண்டு இரவு அங்கே உறங்கித் தெளிவது நன்று. அடுத்து சூக்கிரேயில் நான்கு இரவு. அதன்பின் பொத்தோசியில் இரண்டு. பிறகு ஊயுனி உப்பு வெளி. கடைசியாக லா பாசும் தித்திக்காக்காவும். படிப்படியாக ஏறும் திட்டம். ஆகஸ்ட் மாதமும் அதற்குப் பொருந்தியது. அங்கே மே தொடக்கம் ஒக்ரோபர் வரை வறண்ட காலம். வானம் தெளிவாயிருக்கும், வீதிகள் உலர்ந்திருக்கும். ஆனால் இரவிற் கடுங்குளிர்; ஊயுனியில் நீர் உறையும் நிலைக்குப் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. உப்பு வெளியின்மேல் மெல்லிய நீர் பரந்து வானத்தையே கண்ணாடிபோற் காட்டும் காட்சியை விரும்புவோர் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்திற் செல்ல வேண்டும். சேற்றையும் தடைப்பட்ட வழிகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நான் செய்த பிழைக்கு வருகின்றேன். சூக்கிரேயில் நான்கு இரவு என்பது எனக்கு வீணாகத் தோன்றியது. ஊயுனிக்குத் தெற்கே செந்நிற ஏரியொன்றும், 4,800 மீற்றருக்கு மேலே வெந்நீரும் சேறும் கொதித்தெழும் இடமும் உண்டென்று படித்திருந்தேன். அவற்றையுஞ் சேர்க்க மூன்று நாள் வேண்டியிருந்தது. ஆகவே சூக்கிரேயின் நான்கை ஒன்றாக்கினேன். வைத்தியரிடம் அதனை நான் சொல்லவில்லை.

சூக்கிரே வெண்ணிறச் சுவர்களும் சிவந்த ஓடுகளும் கொண்ட அழகிய நகரம். அரசியலமைப்பின்படி அதுவே தலைநகர். 1825ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி நாட்டின் விடுதலைப் பிரகடனம் கையொப்பமிடப்பட்ட மண்டபம் அங்கேதான் உள்ளது. அந்த மண்டபத்தை நாங்கள் வாயிலில் நின்று பார்த்துவிட்டு மறுநாட் காலை பொத்தோசிக்கு வண்டியேறினோம். ஏறத்தாழ 160 கிலோமீற்றர். மூன்று மணி நேரம். அந்த மூன்று மணியில் 1,200 மீற்றருக்கு மேல் ஏறிவிட்டோம்.

பொத்தோசியைப் பற்றி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1545இல் அங்குள்ள செரோ ரிக்கோ மலையில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் ஒன்றரை இலட்சம் மக்களுக்கு மேல் வாழ்ந்தனர் என்று கணிப்பர். அக்காலத்து உலகப் பெருநகரங்களுள் அதுவும் ஒன்று. சுதேச மக்களை ஊர் ஊராக முறைவைத்துப் பிடித்து வந்து சுரங்கத்திற் கட்டாய வேலை செய்வித்தனர். அவ்வெள்ளி நாணயமாகி உலகெங்கும் சென்றது. பழைய நாணயச்சாலை இன்று அரும்பொருட்சாலை. கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி இழுத்த பெரிய மரச் சக்கரங்களை அங்கே காணலாம். கீழ்த்தளத்திலே கழுதை, மேல்தளத்திலே வெள்ளித் தகடு. அண்ணர் அந்தப் பற்சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். மலைக்குள்ளே சுரங்கத் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. பயணிகளை உள்ளே அழைத்துச் சென்று காட்டுவோரும் உளர். பிறர் நெஞ்சு கெட உழைப்பதைக் கட்டணங் கொடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு அது ஒரு வருவாயாயிற்றே என்றாள் என் மனைவி. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, நாங்கள் போகவில்லை.

முதலிரவு அண்ணர் சரியாக உறங்கவில்லை. காலையிற் கேட்டபோது, "எனக்கொன்றுமில்லைத் தம்பி, கோப்பி கொஞ்சம் கடுமை" என்றார். பகல் முழுவதும் தலைவலியை மறைத்துக்கொண்டு எங்களோடு மேட்டுத் தெருக்களில் ஏறியிறங்கினார். நான் கவனித்திருக்க வேண்டும். அவர் மதிய உணவைத் தொடவில்லை. குறிப்புப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. என் நினைவெல்லாம் மறுநாள் ஊயுனிக்குச் செல்லும் வண்டியிலேயே இருந்தது.

இரண்டாம் இரவு ஒரு மணியளவில் அவர் வாந்தியெடுக்கும் ஓசை கேட்டு எழுந்தோம். வைத்தியர் கொடுத்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அதில் ஒரு சோதனை எழுதியிருந்தார்: தரையில் ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு பொருத்தி நடக்கச் செய், தள்ளாடினால் விடியும்வரை காத்திராதே, இறங்கு. ஓட்டுத் தரையின் கோட்டிலே அண்ணரை நடக்கச் சொன்னேன். நாற்பதாண்டு காணி நிலங்களுக்கு நேர்கோடு பிடித்த மனிதர் மூன்றாம் அடியிற் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

விடுதிக்கார அம்மையாரை எழுப்பினேன். என் ஸ்பானிய மொழி அவ்வேளையில் ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனால் அவர் அண்ணரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் "அபாஹோ, அபாஹோ" என்று கீழ்நோக்கிக் கையைக் காட்டினார். அச்சொல்லுக்குக் கீழே என்று பொருள். அரை மணியில் வாடகை வண்டியொன்று வந்தது. இருட்டிலே, வளைவுகள் நிறைந்த அந்தச் சாலையிலே, அண்ணரின் தலை என் மனைவியின் தோளிற் சாய்ந்திருக்க, வந்த வழியே இறங்கினோம். நான் முன்னிருக்கையில் இருந்தேன். சாரதிக்கு வழி தெரியும். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. நான்கை ஒன்றாக்கிய என் பென்சிற் கோடு மாத்திரம் கண் முன்னே நின்றது. விடியுமுன் சூக்கிரேயை அடைந்தபோது அண்ணர் தாமாகவே கதவைத் திறந்து இறங்கினார். மருத்துவமனையில் ஒட்சிசன் கொடுத்தனர். மறுநாள் பேச்சுத் தெளிந்தது. அங்கிருந்த வைத்தியர், இந்த முறை பொத்தோசியும் ஊயுனியும் வேண்டாம் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

ஆகவே நேயர்களே, ஊயுனி உப்பு வெளியை நான் இன்றுவரை கண்ணாற் கண்டதில்லை. பத்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட வெண்மைப் பரப்பு அது. உலகில் அதனிலும் பெரிய உப்பு வெளி இல்லை. அதன் நடுவே ஆள் உயரத்தையும் விஞ்சிய கள்ளிகள் நிற்கும் இன்காவாசி என்ற தீவு போன்ற மேடு உண்டு. அங்கே போகின்றவர்கள் கறுப்புக் கண்ணாடியை மறக்கலாகாது. வெயில் மேலிருந்தும் வரும், உப்பிலே தெறித்துக் கீழிருந்தும் வரும்.

சூக்கிரேயில் ஐந்து நாள் இருந்தோம். வீணென்று நான் வெட்டியெறிந்த நாட்கள் வட்டியோடு திரும்பி வந்தன. சுண்ணக்கற் பாறைச் சுவரிலே பதிந்துள்ள பழங்கால ஊர்வனவற்றின் அடிச்சுவடுகளைக் கண்டோம். சந்தையிலே உருளைக்கிழங்கு விற்கும் பகுதிக்கு என் மனைவி நாடோறும் சென்றாள். ஊதா, கறுப்பு, மஞ்சள், விரல் போன்றது, முடிச்சுப் போன்றது எனக் குவியல் குவியலாகக் கிடந்தன. நுவரெலியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நாம் பயிரிடும் கிழங்கின் தாய்வீடு அந்தீசு மலையே. சூனியோ என்று ஒரு பண்டமும் உண்டு. இரவுப் பனியிலே கிழங்கை உறைய விட்டு, பகலிற் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலிற் காய வைப்பார்கள். கல் போலாகிவிடும், ஆண்டுக்கணக்கிற் கெடாது. சோற்றுப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லா பாசின் உயரத்திலே தண்ணீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. அமுக்கச் சட்டி வேண்டும். சிறு பிளாஸ்கிலே தேயிலை கொண்டுபோன எங்களுக்கும் ஊரிலே குடிக்கும் சாயம் அங்கே இறங்கவில்லை.

கொக்கா இலைத் தேநீரை எங்கும் தருவார்கள். அந்நாட்டில் அது வழக்கம், சட்டத்துக்கும் உட்பட்டது. ஆனால் ஓரிலையைத்தானும் பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவரலாகாது. பல நாடுகளில் அது குற்றம்.

பின்பு, உள்ளூர் வைத்தியரின் அனுமதியுடன் லா பாசுக்குச் சென்றோம். அந்நகரம் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் சரிவிலே தொங்குகின்றது. நம் நாட்டிற் செல்வர் மலைமீது வளமனை கட்டுவர். அங்கே செல்வர் காற்றுச் செறிந்த பள்ளத்தில் வாழ்கின்றனர், ஏழைகள் மேலே எல் ஆல்தோவில் வாழ்கின்றனர். நகரின் தென்பகுதி 3,200 மீற்றர் அளவிலே இருக்கின்றது; அங்கேயே தங்கினோம். 2014 முதல் அந்நகரில் கம்பிவட வண்டிகள் பொதுப் போக்குவரத்தாக ஓடுகின்றன. வேலைக்குச் செல்வோரும் பாடசாலைப் பிள்ளைகளும் வானத்திலே வரிசையாகப் போய் வருகின்றனர். ஒரு பகல் தித்திக்காக்காவுக்கும் சென்று திரும்பினோம். 3,812 மீற்றர் உயரத்தில் ஒரு கடல்! தீக்கினா என்னும் நீரிணையில் பேருந்தைத் தட்டையான மிதவையில் ஏற்றி, பயணிகளை வேறு படகில் அக்கரை சேர்க்கின்றனர். நம்முடைய பேருந்து நம்மை விட்டு மெல்ல ஆடி ஆடிச் செல்வதைப் படகிலிருந்து பார்த்து அண்ணர் வாய்விட்டுச் சிரித்தார். பொத்தோசிக்குப் பின் அவர் சிரித்தது அப்பொழுதுதான்.

போக எண்ணுவோர் இன்னுஞ் சிலவற்றைக் கவனித்தல் நலம். அரசாங்க ஊழியர் வெளிநாட்டு விடுமுறைக்கு முன்னரே அனுமதி பெறல் வேண்டும். விசா விதிகள் மாறுவன. பொலிவியாவுக்கு மாத்திரமன்றி இடையில் மாறும் நாட்டுக்கும் விசாரித்துக்கொள்ளுங்கள். மஞ்சட் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டுச் சான்றிதழைக் கடவுச்சீட்டோடு வையுங்கள். அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து திரும்புவோரிடம் நம் நாட்டு அதிகாரிகளே அதனைக் கேட்பார்கள். 2016 முதல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். நாங்கள் சென்ற காலத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ ஏழு பொலிவியானோ. ஆனால் 2023 முதல் அங்கே டாலர்த் தட்டுப்பாடு உண்டாகி, வங்கி விலை ஒன்றும் வெளிச்சந்தை விலை ஒன்றுமாயிற்று. எரிபொருளுக்கும் வரிசை நின்றனர். 2022ஐக் கண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கோரிக்கைகளுக்காக மக்கள் நெடுஞ்சாலையை மறிப்பதும் அந்நாட்டில் அடிக்கடி நிகழ்வது. ஆதலால் திரும்பும் விமானத்துக்கு முந்திய இரண்டு நாட்களை வெறுமையாக விடுங்கள். பயணக் காப்புறுதி எடுப்போர், எவ்வளவு உயரம் வரை அது செல்லும் என்ற சிறிய எழுத்தையும் வாசியுங்கள்.

லா பாசிலே ஜனவரி 24ஆந் திகதி அலாசித்தாஸ் என்றொரு விழா நடக்கும். வருகின்ற ஆண்டில் எது வேண்டுமோ அதன் சிற்றுருவத்தை அன்று மக்கள் வாங்குவார்கள்: விரலளவு வீடு, நாணயத்தாள், மோட்டார் வண்டி, கடவுச்சீட்டு, பயணப்பெட்டி. நாங்கள் சென்றது ஆகஸ்டானாலும் கடைத்தெருவில் அத்தகைய பொருட்கள் கிடைத்தன. அண்ணர் தீப்பெட்டியளவான பயணப்பெட்டி ஒன்றை விலை பேசாமலே வாங்கினார். அது இப்பொழுது அவருடைய மேசைமேல் இருக்கின்றது. சென்ற மாதம் நான் போயிருந்தபோது, அதன் அருகே ஒரு தாளைக் கண்டேன். உயரங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஊயுனியின் கீழ் இரண்டு கோடு. சூக்கிரேக்கு எத்தனை இரவு என்று கேட்டேன்.

"நீ நாலு போட்டாய், பிறகு ஒன்று ஆக்கினாய். நான் ஆறு போட்டிருக்கிறேன், தம்பி. பென்சிலை இந்தமுறை உன்னிடந் தரமாட்டேன்" என்றார்.